மாடசாமி திரும்பி வந்த பக்கம்

மாரித்தாய் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டே, பக்கத்துத் தெருக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

“மாடசாமிதான? செத்து, எந்திரிச்சு வந்தாருல்ல.”

என் கையிலிருந்த பேனா அப்படியே நின்றுவிட்டது.

இடம், எம். புதுப்பட்டியைத் தாண்டி ஒரு பட்டாசு ஆலை. அதற்குள் குழாய் சுருட்டும் கொட்டகை. மருந்து அறைகள் எல்லாம் தூரத்தில், வேப்பமரங்களுக்கு அந்தப் பக்கம். இங்கே வெறும் காகிதமும் பசையும்தான். இரும்புக் கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, ஒரு உருட்டு உருட்டி, கம்பியை உருவினால் குழாய். வெயிலில் காய்ந்ததும் மருந்து அடைக்கப் போய்விடும். பதினோரு பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். புளித்த மைதா வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து அடித்தது.

என் போனை வாட்ச்மேன் கேட்டிலேயே வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். ஆலைக்குள் போன் ஆகாது. அதனால் அன்று கேட்ட எதுவும் பதிவாகவில்லை. நான் கிறுக்கிய ஆறு தாளும் என் ஞாபகமும்தான் சாட்சி. என் ஞாபகத்தின் லட்சணம் இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். பால்காரர் பெயரை மறந்துவிடுவேன். இருபது வருடத்துக்கு முந்தைய சண்டையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மறக்க மாட்டேன்.

பாலத்தின் மேல் நின்றவர்

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக: நான் எழுத்துப் போடுகிறவள். காமிக்ஸில் ஆட்கள் பேசும்போது வாய்க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பலூன் இருக்குமே, அதற்குள் வசனத்தைக் கையால் எழுதுவது என் தொழில். கம்ப்யூட்டர் வந்த பிறகு கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். எழுதுவது எப்போதும் அடுத்தவர் வசனம்தான். கதாநாயகன் வீர வசனம் பேசுவான், வில்லன் சிரிப்பான், நான் புள்ளி வைப்பேன்.

சிவகாசியில் நான் முதன்முதலில் வேலை பார்த்தது ‘எட்டாம் பட்டாளம்’ என்ற மாத இதழில். முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு பின். ஐந்து சிப்பாய்களின் சாகசக் கதை. அதில் நான்கு பேர் வெளிநாட்டுப் படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள்போல் இருப்பார்கள். ஐந்தாவது ஆள் ஹவில்தார் மாடசாமி. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். வெடி வைப்பது அவர் பொறுப்பு. பீரங்கி, கோட்டை, சுரங்கம், எதுவானாலும் திரியைப் பற்ற வைக்கும் முன் “தள்ளி நில்லுங்கப்பா” என்பார். அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நம் பகுதியில் பட்டாளத்தின் தலைவரான மேஜரை எவரும் கண்டுகொள்ளவில்லை. மாடசாமியைத்தான் கொண்டாடினார்கள். வெடி தெரிந்த ஊருக்கு வெடி தெரிந்த ஆள் கதாநாயகனாகக் கிடைத்தால் விடுவார்களா? பேருந்தில் யாராவது முண்டியடித்தால்கூட “தள்ளி நில்லுங்கப்பா” என்று ஒரு குரல் வரும், பேருந்தே சிரிக்கும்.

ஐம்பத்தொன்றாம் இதழின் கடைசிக் கட்டத்தில் மாடசாமி ஒரு பாலத்தின் மேல் நிற்கிறார். அடியில் மூட்டை மூட்டையாக வெடிமருந்து. எதிரிப் படை வந்துகொண்டிருக்கிறது. நீளத் திரி நனைந்துவிட்டது. கையில் இருப்பது ஒரு முழம் திரி, பற்ற வைத்தவர் ஓடித் தப்ப அது போதாது. தொடரும் என்று எழுதியது நான்தான். அதோடு கல்யாணமாகி விருதுநகர் போய்விட்டேன்.

ஐம்பத்திரண்டாம் இதழ் கடைக்கு வரவே இல்லை. கதையையும் எழுதிவந்த ஆசிரியர் படுத்த படுக்கையானார், பிறகு இறந்துபோனார். இதழ் நின்றது. மாடசாமி ஒரு முழம் திரியோடு பாலத்திலேயே நின்றார். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு.

எனக்கு வந்த வாய்ப்பு

போன வருடம் கார்த்தி என்னைக் கூப்பிட்டார். சிவகாசியில் மூன்று தலைமுறையாகக் காலண்டர் அடிக்கிற குடும்பம். சின்ன வயதில் எட்டாம் பட்டாளத்தைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்தவர். உரிமையை வாங்கிவிட்டார். புதிய ஓவியர், வழவழப்புத் தாள், முழு வண்ணம். பட்டாளம் மறுபடி கிளம்புகிறது.

“எழுத்துப் போட வரணுமா தம்பி?” என்றேன்.

“இல்லக்கா. கதையே நீங்க எழுதுங்க. அந்தப் பட்டாளத்தோட பேச்சு உங்களுக்குத்தான் தெரியும்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். இத்தனை வருடம் அடுத்தவர் வார்த்தைக்குப் பலூன் ஊதியவள். முதல் பக்கத்தில் ‘கதை’ என்று போட்டு, எதிரில் வசந்தா என்று என் பெயர் வரப்போகிறது. அந்தப் பெயரை என்ன மாதிரி எழுத்தில் எழுதலாம் என்று கதைக்கு முன்பே வரைந்து பார்த்துவிட்டேன்.

கதைதான் வரவில்லை. ஐம்பத்திரண்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் ஐம்பத்துமூன்றை எப்படி எழுதுவது? பழைய வாசகர்கள் ஒரு வாட்ஸ்ஆப் குழு வைத்திருந்தார்கள். பாதிப் பேர் மாடசாமி இறந்தார் என்றார்கள், பாதிப் பேர் ஆற்றில் குதித்தார் என்றார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் அதற்காகப் பேச்சை முறித்துக்கொண்டிருந்தார்கள். நானாக ஒன்றைக் கட்டிவிட்டால் கண்டுபிடித்துக் கிழித்துவிடுவார்கள். கட்டியும் பார்த்தேன். மூன்று தடவை எழுதினேன், மூன்றுக்கும் எனக்கே கொட்டாவி வந்தது.

கார்த்தி பொறுமையானவர்தான். ஆனால் ஆடி பிறந்தால் காலண்டர் சீசன், மெஷின் ஒழியாது.

“ஆடிக்குள்ள கதை வரலைன்னா மெட்ராஸ்ல ஒருத்தரு தயாரா இருக்காருக்கா. மாடசாமி இல்லாமலே ஆரம்பிச்சுரலாம்ங்காரு. வெடிக்குப் பதிலா ட்ரோனாம்.”

ட்ரோன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. மாடசாமி இடத்தில் ஒரு பொம்மை விமானமா?

தேட ஆரம்பித்தேன். ஆசிரியர் வீட்டில் கையெழுத்துப் பிரதி இல்லை. வீடு மாறும்போது போட்டுவிட்டார்கள். அச்சுக்கு எடுத்த ஃபிலிமும் அதோடு போயிற்று. பழைய ஓவியர் மதுரையில் மகள் வீட்டில் இருந்தார். “வசந்தா, நான் ஆயிரம் பாலம் இடிச்சிருக்கேன்மா. இதுல நீ எந்தப் பாலத்தக் கேக்கிற?” என்றார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது.

கடைசியில் திருத்தங்கலில் பழைய மெஷின்மேன் ஒருவரைப் பிடித்தேன். பெயர் சங்கரலிங்கம். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“அம்பத்திரண்டா? அது அடிச்சுக் கெடந்துச்சே. நான்தான ஓட்டுனேன். பைண்டிங் போகல. ஒரு வருசம் மூலையில கெடந்துட்டு, எடத்த அடைக்குதுன்னு ரெண்டு ரெண்டு பக்கமா வெட்டி, எம். புதுப்பட்டிக்கு லோடு ஏத்திட்டாக.”

“எதுக்கு?”

“குழாய்க்குத்தான். வேற எதுக்கு.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டாம் இதழ் முழுவதும், ஒரு பிரதி விடாமல், பட்டாசுக் குழாயாகச் சுருண்டு, ஒரு தீபாவளியன்று நாடெங்கும் வெடித்துச் சிதறியிருக்கிறது. வாசகர்கள் வருடக்கணக்காகத் தேடிய முடிவு அவரவர் வாசலிலேயே குப்பையாகக் கிடந்து, மறுநாள் காலையில் விளக்குமாற்றோடு போயிருக்கிறது. ஒரு காமிக்ஸுக்கு இப்படியொரு சாவா என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது டீ ஆறிப்போனது.

“அந்தக் கொட்டகையில இருந்த பொம்பளையாளுக இன்னும் இருக்காக. கேட்டுப் பாருங்க. சோத்து நேரத்துல தாள வாசிப்பாக” என்றார் சங்கரலிங்கம்.

இடது பாதி, வலது பாதி

அப்படித்தான் நான் மாரித்தாய் முன்னால் போய் உட்கார்ந்தேன். செத்து எழுந்து வந்தார் என்ற பதிலையும் வாங்கினேன்.

“எப்படிச் செத்தாரு, மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றேன்.

மாரித்தாய்க்கு என் வயதுதான் இருக்கும், ஒல்லியான உடம்பு. சொல்லும்போது சோறு பிசையும் கை நிற்கவில்லை.

“கையில ஒரு மொழந் திரிதான் இருந்துச்சா. மத்த நாலு பேரையும் போகச் சொல்லிட்டாரு. மேஜரு போக மாட்டேங்காரு. இவரு அவரப் புடிச்சு ஆத்துல தள்ளிவிட்டுட்டாரு. அப்பறம் பீடிய எடுத்துப் பத்த வச்சு, ஒரு இழுப்பு இழுத்துட்டு, அந்த நெருப்ப திரியில வச்சாரு. பாலம் போச்சு. ஆத்துல அவரு தொப்பி மட்டும் மெதந்து வருது. நாலு பேரும் கரையில நின்னு சல்யூட் அடிக்காக.”

நான் வேகவேகமாக எழுதினேன். பீடி நெருப்பு. இது எங்கள் ஆசிரியரின் கைவண்ணமேதான், சந்தேகமே இல்லை.

“அப்பறம்?”

“அப்பறம் என்ன. பஸ்ஸ விட்டு எறங்கி, தோள்ல படுக்கையச் சுருட்டி வச்சுக்கிட்டு, சிரிச்சமேனிக்கு கரிசக்காட்டு ரோட்டுல நடந்து வாராருல்ல.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

வீட்டில் பின் அடித்த பள்ளிக்கூட நோட்டு இருந்தால், பின்னைக் கழற்றி மேல் தாளை மட்டும் விரித்துப் பாருங்கள். வலது பாதி முதல் பக்கம். இடது பாதி கடைசிப் பக்கம். இரண்டும் ஒரே தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும். மடித்துப் பின் அடித்தால்தான் ஒன்று முன்னால் போகும், மற்றது பின்னால் போகும். எங்கள் இதழும் அப்படித்தான். இவர்களுக்கு வந்தது மடிக்காத தாள். இடது பக்கம் முப்பத்திரண்டு: மிதக்கும் தொப்பி, சல்யூட், முற்றும். அதை ஒட்டி வலது பக்கம் ஒன்று. எங்கள் ஆசிரியர் எந்த இதழையும் பழைய நினைவு ஒன்றில்தான் தொடங்குவார். மாடசாமி விடுமுறையில் ஊருக்கு வந்த காட்சியை இந்த முறை வைத்திருக்கிறார். இடமிருந்து வலமாக வாசித்தால் மனிதர் செத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பேருந்திலிருந்து இறங்குகிறார்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆனால் யாராவது தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க எனக்கு வராது. கல்யாண வீட்டில் மொய்ப் பலகை எழுத்தைக்கூடத் திருத்தியிருக்கிறேன்.

“அது மொதல் பக்கம்மா” என்றேன். “அவரு ஊருக்கு வந்தது முன்னாடி நடந்தது. தாள மடிக்காம வாசிச்சதால பின்னாடி வந்துருச்சு. செத்ததுதான் கடைசி.”

ஒருவர் தண்ணீர்ச் செம்பை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். எனக்கு எதிரில் இருந்த பேச்சியம்மாள், எல்லோருக்கும் மூத்தவர், நரைத்த தலை, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மாரித்தாய் மட்டும் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார்.

“அப்படியா தாயி” என்றார். “ஊருக்கு வந்தவரு பெறகு பனிமலைக்குப் போனாருல்ல, அது உங்களுக்குத் தெரியுமா?”

யாரும் அச்சடிக்காத இதழ்கள்

பனிமலையா? பட்டாளம் பனிமலைக்குப் போனதே இல்லை. ஐம்பத்தோரு இதழும் என் கண் முன்னால் அடித்தவை.

“அங்கன மருந்து நமுத்துப் போச்சு. இவரு மேஜரோட கம்பளியில சுத்தி, நெஞ்சோட அணைச்சு வச்சுல்ல காய வச்சாரு” என்றார் ஒருவர்.

“உப்பளத்துச் சண்டையச் சொல்லுங்க மதினி” என்றார் இன்னொருவர்.

“அத விட, கப்பல்ல எதிராளி பீரங்கி வாயில மைதாவக் காய்ச்சி ஊத்துனாரு பாரு, அதுதான் சிரிப்பு.”

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குக் காது போதவில்லை. தீவு, சுரங்கம், பாலைவனம், ஆற்றுக்குள் போன ரயில். ஒவ்வொன்றுக்கும் தொடக்கம் இருந்தது, சிக்கல் இருந்தது, முடிவு இருந்தது. வில்லனுக்குப் பெயர் இருந்தது, அவன் மனைவிக்குக்கூடப் பெயர் இருந்தது.

“இதெல்லாம் எந்தத் தாள்ல வந்துச்சு?” என்று கேட்டேன்.

எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தாளு ஏழெட்டு நாள்ல முடிஞ்சு போச்சு. இவளுக விடல. நாளைக்கு என்ன, நாளைக்கு என்னன்னு கேட்டாளுக. நானும் சொல்லிக்கிட்டே வந்தேன்.”

“எம்புட்டு நாளு?”

“எம் மூத்தவ கல்யாணம் வரைக்கும். ஒரு ஒம்பது வருசம் இருக்கும்.”

என் உடம்பு சிலிர்த்தது. மிகையில்லை, கை மயிர் நின்றதை நானே பார்த்தேன். எட்டாம் பட்டாளம் நின்றுவிட்டது என்று ஊரே துக்கம் கொண்டாடிய காலத்தில், இந்தத் தகரக் கொட்டகைக்குள் அது நிற்காமல் ஓடியிருக்கிறது. மாதத்துக்கு ஒன்று இல்லை, தினம் ஒன்று. ஓவியர் இல்லை, மை இல்லை, தாள் இருந்தும் அச்சில்லை. வாசகர் பத்துப் பேர். ஒன்பது வருடம். நான் மூன்று தடவை எழுதிக் கொட்டாவி விட்டதை அவர் ஒரு கவளம் சோற்றுக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் செய்திருக்கிறார்.

கதைகளில் இன்னொன்றைக் கவனித்தேன். எதிலும் எவரும் சாகவில்லை. திரியைப் பற்ற வைக்கும் முன் மாடசாமி தலைகளை எண்ணுகிறார். கோட்டைக்குள் ஒரு சமையல்காரர் மிச்சம் இருந்தால் திரியை அணைத்துவிட்டு உள்ளே ஓடுகிறார். எதிரிகளைக்கூட ஏதாவது தந்திரம் செய்து வெளியே வரவழைத்துவிட்டுத்தான் கோட்டையைத் தகர்க்கிறார். வெடிக்குமா வெடிக்காதா என்பதல்ல, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்பதுதான் பேச்சியம்மாளின் கதை. பெரிய பெரிய சண்டைக் கதைகளுக்கெல்லாம் எழுத்துப் போட்டிருக்கிறேன். நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

நடுவில் என் தொழிலுக்கும் ஓர் அடி விழுந்தது. பாலம் வெடிக்கும் கட்டத்தில் ‘டமார்’ என்று பெரிதாகப் போட்டிருந்ததா என்று கேட்டேன்.

“போட்டிருந்துச்சு. அது தப்பு தாயி” என்றார் பேச்சியம்மாள். “தூரத்துல இருக்கவுகளுக்குத்தான் சத்தம். கிட்டக்க இருக்கவுகளுக்குக் கேக்காது. காத்துதான் தள்ளும்.”

எத்தனை ஆயிரம் டமார் எழுதியிருப்பேன்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது

வேலை முடிந்து பேச்சியம்மாள் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தார். விரலிடுக்கில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே வந்தார்.

“பக்கத்துக்கு அடியில நம்பரு போட்டிருந்துச்சு தாயி” என்றார் திடீரென்று. “ஒரு பக்கம் முப்பத்திரண்டு, ஒரு பக்கம் ஒண்ணு. நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவ. எனக்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏன் அப்படி வாசிச்சீங்க?”

அவர் தீப்பெட்டி லோடு ஏற்றிய லாரி ஒன்று போகும்வரை பொறுத்திருந்தார்.

“அப்பப் பக்கத்துல ஒரு ஆலையில வெடி விபத்து. மாரித்தாய் வீட்டுக்காரரு போயிட்டாரு. கல்யாணமாகி ஒரு வருசங்கூட ஆகல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, அன்னைக்குத்தான் வேலைக்கு வந்தா. நான் தாள எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டேன். பாலம் போச்சு, தொப்பி மெதக்குதுன்னு வாசிச்ச பெறகுதான் அவ மொகத்தப் பாத்தேன். நிறுத்தவும் முடியல. அங்கன வலது பக்கத்துல அவரு சிரிச்சுக்கிட்டு நடந்து வாராரு. கண்ணு தானா அங்கன போச்சு. வாசிச்சுட்டேன்.”

கையிலிருந்த ஆறு தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“மறுநாளு மாரித்தாய் வந்து, அக்கா, அவரு வீட்டுக்குப் போயி சாப்பிட்டாரான்னு கேட்டா. அதுக்குப் பதில் சொல்லணும்ல. அப்படி ஆரம்பிச்சதுதான்.”

பேருந்து வந்தது. சிவகாசி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தைகூட எழுதாமல் வந்தேன். நாரணாபுரம் விலக்கில் ஏறிய ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, “ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

கார்த்தியின் கேள்வி

நான் நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான்கு நாள் பொறாமையில் வெந்தேன். ஆறு தாள் என் கையில். கேட்டது நான் மட்டும். பனிமலைக் கதையை என் பெயரில் எழுதிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? பேச்சியம்மாள் கோர்ட்டுக்கா போகப் போகிறார்? எழுதியும் பார்த்தேன். சமையல்காரருக்காக மாடசாமி திரியை அணைக்கும் இடம் வந்ததும் கை ஓடவில்லை. அது என் கை இல்லை.

ஐந்தாம் நாள் கார்த்தியின் ஆபீஸுக்குப் போனேன்.

“கதை கெடைச்சிருச்சு தம்பி. எழுதுறவுகளும் கெடைச்சுட்டாக. நான் பலூன் போட்டுக்கிறேன்.”

சொல்லி முடித்தபோது பெரிய தியாகி என்ற நினைப்பெல்லாம் வரவில்லை. ஆசைப்பட்ட ஒன்று கைவிட்டுப் போகிற வருத்தம்தான்.

கார்த்தி முழுக்கக் கேட்டார். “பட்டாளக் கதையாச்சேக்கா இது. ஒரு ஆளுகூடச் சாகாம எப்படி?” என்றார். பிறகு பனிமலைக் கதையைச் சொன்னேன். பாதியில் ஒரு போன் வந்தது, எடுக்காமல் கவிழ்த்து வைத்தார். “எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?” என்று கேட்டார். வந்துவிட்டார்கள் என்றேன். மூச்சை விட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதமாக நின்றார்.

“பாலத்துல இருந்து எப்படிப் பொழைச்சாருன்னு ஒரு கட்டமாவது போடணும்கா. பழைய ஆளுக அதத்தான் மொதல்ல கேப்பாக.”

நியாயம்தான். பேச்சியம்மாளுக்கு அவர் வீட்டு நேரம் பார்த்து போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஆற்றில் குதித்தாரா, கயிற்றில் தொங்கினாரா, எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள், வரைந்துவிடலாம் என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“தாயி, நான் ஒம்பது வருசம் கத சொன்னேன். அங்கன இருந்த அம்புட்டுப் பேருக்கும் மருந்து என்ன செய்யும்னு தெரியும். ஒரு மொழந் திரியோட நின்னவன் என்ன ஆவான்னு நாங்க யாரும் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. ஒருத்திகூட ஒரு நாளும் எங்கிட்டக் கேட்டதில்ல, அவரு எப்படி வந்தாருன்னு. நீங்க கேக்கிறீகளே.”

போனை வைத்த பிறகும் அதே இடத்தில் நின்றேன். அன்று கொட்டகையில் நான் திருத்தியபோது மாரித்தாய் “அப்படியா தாயி” என்றாரே, அந்த இரண்டு சொல் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. மடிப்புத் தெரியும், பக்கம் தெரியும் என்று நான் துள்ளினேன். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் தினமும் அடுத்த கதை கேட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட மலைப்பாக இருந்தது.

கார்த்தியிடம் அப்படியே சொன்னேன். அவர் மேஜை மேலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினார், மறுபடி கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

“சரிக்கா. விட்டுருங்க. அவரு வரட்டும்.”

முதல் பிரதி

ஆடி பிறக்கும் முன் புத்தகம் வந்துவிட்டது. ‘கதை: பேச்சியம்மாள்’ என்று முதல் பக்கத்தில் நான்தான் எழுதினேன். கம்ப்யூட்டரில் இல்லை, பழைய பேனாவில், கையால். கடைசியில் கோட்டை வெடிக்கும் கட்டத்தில் எழுத்தே போடவில்லை. வெறும் வெள்ளை விட்டேன். வாட்ஸ்ஆப் குழுவில் டமார் இல்லாததற்கும் பாலத்தைச் சொல்லாமல் விட்டதற்கும் திட்டு விழுந்தது. பாலத்திலிருந்து எப்படித் தப்பினார் என்று நூறு பேர் கேட்டார்கள். நான் குழுவில் ஒரு பதிலும் போடவில்லை. வாயாடி வசந்தா வாயை மூடிக்கொண்டாள் என்று அதற்கும் ஒருவர் எழுதினார்.

பதினோரு பிரதிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டி போனேன். வாட்ச்மேன் போனை வாங்கிப் பெட்டியில் வைத்தார், ஒரு புத்தகத்தையும் கேட்டார். இருப்பது அவர்களுக்கு மட்டும் என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

சாப்பாட்டு நேரம்தான். பேச்சியம்மாள் தன் பெயரை ஒரு தடவை வாசித்துவிட்டு, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார், மறுபடி திறக்கவில்லை. மற்றவர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சிரித்தார்கள். பனிமலையின் வெள்ளையைப் பார்த்து ஒருவர் “குளிருது” என்றார்.

மாரித்தாய் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. பேருந்து போய்விட்ட ரோடு, இரண்டு பக்கமும் கரிசல், தோளில் சுருட்டிய படுக்கையோடு ஒரு ஆள் நடந்து வருகிறார். புதிய ஓவியர் மெனக்கெட்டு வரைந்திருந்தார். மாரித்தாய் பசைக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த முகத்தைத் தொடாமல், அதற்கு மேலே விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

“ரொம்ப எளைச்சுப் போயிட்டாருக்கா” என்றார்.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார்.

“பின்ன என்ன, அம்புட்டுத் தூரம் நடந்துல்ல வந்துருக்காரு.”